திரையில் தொண்ணூற்றாறு

கம்ப்யூட்டர் தூங்கும் என்று அண்ணன் மகன் சொன்னபோது நான் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்தவன் நான். மூடியை இறக்கிவிட்டு, உள்ளே காற்றாடி நிற்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். நின்றது.

அது அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய லேப்டாப். அண்ணன் விரலில் ஒரு கிளிப், அதிலிருந்து வயர். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று, மகன் எழுதிய புரோகிராமால் திரையில் எண் வரும். தொண்ணூற்றாறு என்றால் நன்றாக இருக்கிறான். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் மணி அடிக்கும். இரண்டு தெரு தள்ளி ரிப்பேர் கடை வைத்திருக்கும் மகனின் போனிலும் அடிக்கும். அவன் ஓடி வந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பான்.

காலையில் உடம்பு துடைக்கும்போது கிளிப்பைக் கழற்ற வேண்டும். மணி சும்மா கத்தும் என்பதால் மூடியை இறக்கித் தூங்க வைப்போம். தூங்கப் போகும்போது அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விழித்ததும் கூட்டிக்கொள்ள வேண்டும். இது கூட்டிக்கொள்ளாது. அதுதான் இதன் வியாதி.

"சித்தப்பா, தொறந்ததும் சார்ஜர் வயர ஒருதடவ புடுங்கிச் சொருகுங்க. காத்தாடி சத்தம் கேக்கணும். கேக்கலன்னா இன்னும் அரைத்தூக்கத்துலதான் இருக்கு."

"புடுங்கலன்னா என்ன ஆகும்?"

"நம்பர் வந்துகிட்டேதான் இருக்கும். ஆனா வேலைய முடிக்க முடியாம பின்தங்கிட்டே போகும். ஒரு மணி நேரம் ஆச்சுன்னா, பத்து நிமிஷம் முந்தி நடந்ததத்தான் இப்ப நடக்குதுன்னு காட்டும்."

எதற்குக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. வெள்ளை மனசு, அப்பாவைப் போல இல்லை. அதற்கும் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுவிட்டால் வயரைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னான். அன்று வியாழக்கிழமை.

அண்ணனுக்குச் சிறு வயதில் வேலை என்றாலே வயிற்றுவலி வரும். அவன் பங்கு மூட்டையையும் நான்தான் சுமந்தேன். வலியோடு படுத்தவன் ஒளிந்து தின்றதை நான் பார்த்தேன். சொன்னேன். எனக்குத்தான் அடி விழுந்தது. அந்த ஆள் எழுபத்தெட்டு வயதில் மூச்சு முட்டுகிறது என்றால் நான் எப்படி நம்புவது? மணி அடித்தால் மகன் வருகிறான், மருமகள் வருகிறாள், நெஞ்சைத் தடவுகிறார்கள். ஒருமுறை எல்லாரும் போன பிறகு என்னைப் பார்த்து, "என்னடா, சினிமா பாக்குற மாதிரி உக்காந்திருக்க?" என்றான். மூச்சு முட்டுகிறவன் கிண்டல் பண்ணுவானா?

மணி அடிக்காவிட்டால் திணறல் வருகிறதா என்று பார்க்க நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

சனிக்கிழமை காலை, உடம்பு துடைத்துக் கிளிப்பை மாட்டிவிட்டு மகன் கடைக்குப் போனதும் மூடியைத் திறந்தேன். வயரைத் தொடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, காற்றாடிச் சத்தம் வரவில்லை. பதினொரு மணிக்கு மருமகள் எட்டிப் பார்த்தாள். எண் நன்றாக இருந்ததால் மாடிக்குத் துணி காயப்போடப் போனாள்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பதினொன்று பத்துக்கு அண்ணன் திணற ஆரம்பித்தான். திரையில் தொண்ணூற்றாறு. நாற்காலியைக் கட்டிலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, மணி அடிக்காது. யாரும் வரமாட்டாங்க. நீயும் நானுந்தான். போதும், விடு."

அவன் விடவில்லை. கையை நீட்டிச் சிலிண்டரைக் காட்டினான். அது என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இடப்பக்கம் திருப்ப வேண்டும். மகன் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். உதடு நீலமானது. அதையும் கவனித்தேன். பதினொன்று பதினேழுக்குக் கை கீழே விழுந்தது. மணி அடித்தபோது பதினொன்று இருபத்துநாலு.

தான் புரோகிராமை ஒழுங்காக எழுதாததால்தான் அப்பா செத்தார் என்று மகன் ஸ்டேஷனில் உங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். வயரைத் தொடாதது நான். சிலிண்டரைத் திருப்பாததும் நான். இரண்டும் தெரிந்தே செய்தது.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையிலேயே முடியாதவன் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். வாயைத் திறந்து திறந்து மூடினானே தவிர, கடைசிவரை அவன் சொல்லவே இல்லை.