என் தங்கையின் தட்டுக்கு ஒரு டர்ன்டேபிள்

இசைத்தட்டு போட்டுக் கேட்க டர்ன்டேபிள் வாங்க வருகிற எல்லோரும் முதலில் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். மூடியா பாடப்போகிறது? பார்க்கவேண்டியது அதன் கையை. அந்தக் கையின் நுனியில் இருக்கும் ஊசி எவ்வளவு கனமாகத் தட்டின்மேல் உட்காருகிறது என்பதை. முப்பத்தோரு வருஷம் ஸ்டீரியோ விற்றும் பழுது பார்த்தும் பிழைத்தவன் நான். குறைந்த விலையில் நல்லது எது, மட்டம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களுக்குக் காது குத்தப்போவதில்லை, தம்பி.

என் மருமகள், தங்கை மகள், தன் அம்மாவின் குரல் இருக்கும் அந்தத் தட்டை, பழைய ஒலிப்பதிவுகளை மீட்கிற உங்கள் கடையில் கொடுத்து இதில் ஏதாவது தேறுமா என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது வயதானதால் வந்த தேய்மானம் இல்லை, எதையோ போட்டு உழுதிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, என் வீட்டைத் தேடி வந்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். உட்காருங்கள்.

அது கம்பெனித் தட்டு இல்லை. அலுமினியத்தின்மேல் அரக்குப் பூசியது. நகம் பட்டாலே கீறும். என் கடையின் பின்னறையில் குரலைப் பதிந்து நானே வெட்டினேன். தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகிற குழந்தைக்கென்று பதினோரு நிமிடம் பேசினாள், பாடினாள். அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அவள் புருஷன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன். சாதாரணக் காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் அசட்டையாக விட்டான். அந்த இரண்டு நாளும் நானும் அங்கேதான் இருந்தேன், நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் கட்டிக்கொண்டவன் நான் இல்லையே.

எல்லாம் முடிந்ததும் தட்டைக் கேட்டேன்.

"அது எங்க வீட்டுலயே இருக்கட்டும் மச்சான். பொண்ணு வளர்ந்ததும் கேக்கணும்ல," என்றான்.

எங்க வீடாம். நான் தோளில் தூக்கி வளர்த்த பெண், நான் வெட்டிய தட்டு. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள் என்று எல்லோரும் அவனைச் சொல்வார்கள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. அவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது, இன்னும் பிடிக்கவில்லை.

பெண்ணுக்கு எட்டு வயதானபோது அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரெண்டும் கூட வேலை பாக்கிறவன் குடுத்தான் மச்சான். தட்டு சுத்துற மெஷின் ஒண்ணுதான் குறை. விலை கம்மியா, நல்லதா நீங்களே பாத்துக் குடுங்க. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது."

அவனுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி கடையில் இரண்டு இருந்தன. ஒன்று யாரோ வைத்திருந்து விற்றது. மூடி இல்லை, மரம் கீறியிருந்தது. ஆனால் கையின் பின்னால் எடையைத் திருகி, ஊசியை ஈ உட்காருவதுபோல உட்காரவைக்கலாம். இன்னொன்று புத்தம் புதிது, பளபளவென்று சிவப்பு. அதில் எதையும் திருக முடியாது. அதன் ஊசி அரக்குத் தட்டில் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். இதில் வேடிக்கை, பழையதுதான் விலை குறைவு. அவனே அதைத் தொட்டுக் காட்டினான்.

"இது போதாதா மச்சான்?"

"ஓட்டை உடைசல் மாப்பிள்ளை. அடுத்த மாசமே மக்கர் பண்ணும். செத்துப்போனவ குரலைக் கேக்கிறதுக்குக் கூடவா கணக்குப் பாக்கிறீங்க?"

முகம் செத்துவிட்டது அவனுக்கு. சிவப்பையே கட்டச் சொன்னான். பெட்டியை யாரிடமும் தராமல் அந்தப் பெண் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வாசல்வரை போனவன் திரும்பி, "இதை ஒரு கேசட்ல ஏத்தி வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். அவனுக்கு அதுகூடத் தோன்றியதே என்று ஒரு கணம் திக்கென்றது.

"ஏத்தினா குரல் மாறிடும். தட்டு கல்லு மாதிரி, ஒண்ணும் ஆகாது. தினமும் போட்டுக் கேளுங்க," என்றேன்.

கேட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். முதலில் தங்கையின் பேச்சில் 'ச' ஒலி போனது. அவள் சிரிக்கிற இடம் வெறும் சீறலாக மாறியது. பிறகு ஊசி தாவ ஆரம்பித்தது. கையின்மேல் ஒரு நாணயத்தை ஒட்டிவைத்தேன். தாவல் நின்றது. சுரண்டல் இரட்டிப்பானது. மாப்பிள்ளை காப்பி கொண்டுவந்து கொடுத்து, "நீங்க இல்லேன்னா என்ன பண்ணியிருப்போம் மச்சான்," என்றான். நல்ல காப்பி.

ஒன்றரை வருஷத்தில் முடிந்துவிட்டது. கடைசியாகப் போட்ட அன்று அவள் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"அம்மா எங்கயோ தூரமாப் போயிட்டாங்க மாமா. நான்தான் ரொம்பப் போட்டுத் தேச்சிட்டேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். மாப்பிள்ளை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமாண்டா கண்ணு. கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கலாம்," என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பாட்டே கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இருபது வருஷமாக அதை அவள் மனதில் வைத்துப் புழுங்குகிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அவளுக்குக் குழி பறிக்கவில்லை. அவனுக்குப் பறித்தேன், அவள் ஓடிவந்து விழுந்தாள். அதற்கு நான் என்ன செய்ய?

மூல நாடா இருக்கிறதா என்றுதானே வந்தவுடன் கேட்டீர்கள். இருக்கிறது. நாடாவில் பிடித்துத்தான் தட்டில் வெட்டினேன். அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டேன் என்று அவர்களிடம் சொன்னது பொய். உள்ளே பீரோவில் இருக்கிறது, பதினோரு நிமிடமும் ஒரு இரைச்சல் இல்லாமல். தினமும் கேட்கிறேன். மருமகளிடம் மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நாடாவை மட்டும் தரமாட்டேன், அது அவளுடையது இல்லை. "கண்ணு, அம்மா பேசுறேன், கேக்குதா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள், வாஸ்தவம். ஆனால் மைக்குக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் நான், தம்பி. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.