ஹெல்மெட்டுக்குள் ஆறு குஞ்சு

கரையான்சாவடியில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த பெண், கூட வந்த அக்காவிடம் சொன்னாள்: "கோழிக்குஞ்சு ஆறையும் அவரு ஹெல்மெட்டுல போட்டுட்டேன்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"பெட்டில பல்பு எரிஞ்சுகினுதான் இருந்துச்சு. ஆனா குஞ்சுங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நடுங்குது. எல்இடி பல்புல சூடு ஏது? மறந்தே பூட்டேன். அவரு அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து ஹெல்மெட்ட கழட்டினாரு. உள்ள கதகதன்னு இருந்துச்சு."

"பொழச்சுதா?"

"ஆறும் பொழச்சுது! இப்ப பழைய குண்டு பல்பு மாட்டியாச்சு. ஆனா ஹெல்மெட்ட உட்டு எறங்க மாட்டேங்குது."

கம்பியைப் பிடித்தபடி நின்ற அவள் கணவர் திரும்பிச் சிரித்தார்: "அதுங்களுக்கு றெக்க மொளைக்கிற வரைக்கும் எனக்கு பஸ்தான்க்கா."