விருதோடு வந்த வீட்டுப்பாடம்

"விருது கொடுத்தா கொடுத்துட்டுப் போகணும். கூடவே எதுக்கு வீட்டுப்பாடம்?"

ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இருந்தவள் கேட்டாள். அவள் காலடியில் யார் யாரோ கொடுத்தனுப்பிய பார்சல்கள். வழியனுப்ப வந்த தோழி குடையோடு பக்கத்தில் நின்றாள். இருவருமே வலைப்பூ எழுதுகிறவர்கள், விருது கொடுத்தவள் தோழி என்று பேச்சில் தெரிந்தது.

"அரே யார், எனக்குக் கொடுத்தவங்க சொன்ன ரூல்தான். உன்னைப் பத்தி ஏழு விஷயம் எழுதணும். அப்புறம் அஞ்சு பேருக்கு அதே விருதைக் கொடுக்கணும்."

"ஹட் பேல நெட் கிடைக்கிறதே பெரிய விருது. இதுல அஞ்சு பேரை எங்க தேடுறது?"

"அச்சா. ஊரார் பார்சலை மட்டும் வாயைத் திறக்காம சுமக்கிறே?"

"அது வேற. அங்க கப்பல் நிக்கிற ஜெட்டியிலயே அதுக்கு ஆள் காத்துட்டு நிக்கும்."

"டீக் ஹை, சரி விடு. உன் விருதை லம்பா லைன் ஏரியாவுல இருந்து எழுதுறாளே, அவளுக்குக் கொடுத்துடறேன்."

"அவளுக்கா? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரசம் வைக்கிறது எப்படின்னு எழுதுவா. அதுக்கு விருதா?"

"அவ கேள்வி கேக்காம ஏழும் எழுதுவா."

வரிசை நகர்ந்தது. பார்சல்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஏணியில் ஏறியவள், பாதியில் நின்றாள். பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் நின்றோம். அவள் திரும்பி, கீழே நின்ற குடையைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏய், ஏற்கெனவே நாலு விஷயம் எழுதிட்டேன்! மீதி மூணையும் கப்பல்லயே முடிச்சிடுவேன். அவளுக்குக் கொடுத்துத் தொலைச்சிடாதே!"