திகன வேனின் இடது பக்கம்

பெயர்: வீரய்யா சதாசிவம். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: வேன் சாரதி. முகவரி: தலாத்துஓயா வீதி, அம்பிட்டிய. தமிழில் வாக்குமூலம் அளிக்கிறார்.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி கஜலட்சுமியுடனும் மகள் தர்ஷனாவுடனும் வசித்து வருகிறேன். குண்டசாலையிலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடங்களாக ஊழியர் வேன் ஓட்டுகிறேன். காலையில் திகனப் பக்கமிருந்து தையல் பிரிவுப் பெண்களை ஏற்றி வந்து, மாலையில் அதே பாதையில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு முறைக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றதைக் கம்பனிக் காப்புறுதியில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்து வந்தோம். நான் வேலையில் இருக்கும்வரைதான் அந்தக் காப்புறுதி அட்டை செல்லும்.

சென்ற வருடக் கடைசியில், வெளிநாட்டு ஓடர் குறைந்துவிட்டதாகக் கூறி ஆட்குறைப்பு தொடங்கினார்கள். முதலில் நோயாளிகளையும் லீவு கூடியவர்களையும் நிறுத்தினார்கள். கட்டிங் பிரிவு நடராஜா பைபாஸ் ஒப்பரேஷன் முடிந்து திரும்பிய வாரமே நிறுத்தப்பட்டார். அதன் பின்னர் கம்பனியில் எவரும் இருமக்கூட இல்லை.

அக்காலத்தில்தான் சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், எனக்கு இடது கண் மங்கியது. ஒருநாள் வேனை முற்றத்தில் நிறுத்தி வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கேட் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. அதன் பின்னர் போக்குவரத்துப் பொறுப்பாளர் ரஸீனிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "சதா அண்ணன், இத நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. மேல தெரிஞ்சா ஒங்கள மெடிக்கலுக்கு அனுப்புவாங்க, அதோட சரி. அக்காட வைத்தியம் என்னாகும்?" என்றார். சாரதிகள் குறைந்தால் தன் கதிரையும் போகும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. அதன் பின்னர் தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பித் திருப்பி ஓட்டப் பழகினேன். மனைவி கழுத்து வலியா என்று கேட்டாள். ஆம் என்றேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை மழை. திகனச் சந்திக்குச் சற்று முன்னால் நஸ்லியா என்பவர் இறங்கினார். அவர் ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலம் நாட்கூலிக்கு வருபவர். கம்பனி ஊழியர் அல்லர் என்பதால் அவருக்குக் காப்புறுதி கிடையாது. கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து வேனை எடுத்தேன். மறந்துவிட்ட குடையை எடுக்க அவர் திரும்பி வந்திருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். இறங்கிப் பார்த்தபோது வேனின் முன் சில்லு அவருடைய பாதத்தின் மேல் நின்றது. மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்க என் கை வரவில்லை. பெண்களே சேர்ந்து வேனைப் பின்னால் தள்ளினார்கள். அதன் பின்னர் முச்சக்கர வண்டியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். அன்றிரவே பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடியில் அவரைக் கண்டீரா என வினவப்பட்டதற்குக் கூறுவதாவது: கண்ணாடியைக் கண்டேன். அதற்குள் இருந்ததைக் காணவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் ரஸீன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணன், திகன வேன இந்த மாசத்தோட நிப்பாட்ட மொதல்லயே முடிவெடுத்துட்டாங்க. நிப்பாட்டுற லிஸ்ட்ல ஒங்கட பேரும் போயிருச்சு. சொல்ல மனசு வரல்ல" என்றார். என் கண்ணைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என அவர் பொலிஸில் கூறியிருப்பது இப்போது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதற்கு மேல் அவரைப் பற்றிக் கூற ஒன்றுமில்லை.

கம்பனி என் பெயரை அதற்குள் நீக்கிவிட்டதால், வெள்ளிக்கிழமை தனியார் ஆஸ்பத்திரியில் அட்டை செல்லாது என்றார்கள். கட்டிலில் படுத்துவிட்டிருந்த மனைவியை எழுப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது அவள், "அந்தப் புள்ள காலுக்கு நாம என்னங்க பதில் சொல்லப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பின்னர் நேற்று வார்டுக்குப் போனேன். நஸ்லியாவின் கணவர் நஸீப், "ஒரு கண்ணு தெரியாமயா எங்கட புள்ளைகள ஏத்திட்டுப் போனீங்க?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நஸ்லியா என்னை ஏசவில்லை. பக்கத்தில் வரச் சொல்லி, "அண்ணன், சூப்பர்வைசர் மிஸ்ஸுக்கிட்ட சொல்லுங்களே. ஒரு மாசத்துல வந்துருவேன், என்ட பேர வெட்ட வேணாமுண்டு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். கம்பனிக் கேட்டுக்குள் போக எனக்கு இனி அனுமதி இல்லை என்பதை அவரிடம் கூறவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வீ. சதாசிவம்