ஆர்விட்டுக்கு வண்டி பாக்கப் போனது

இல்லீங்க, நாய் பின் சீட்டுலயே இருக்கட்டும். முன்னால நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல அது எதுக்கு? பெல்ட்டப் போடுங்க. அடேயப்பா, சட்டைக்கு இஸ்திரியெல்லாம் போட்டிருக்கீங்க போலருக்கே? அட, கிண்டல் பண்ணல ஆர்விட், நல்லாத்தான் இருக்கு. பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. ஒரு பழைய பிக்கப் பாக்கப் போறதுக்கு இவ்வளவு சிங்காரம் பண்ணிக்கிட்டு இந்தப் பாலைவனத்துல யாரும் கெளம்பி நான் பாத்ததில்ல.

காலையில ஒண்ணு மாறியிருந்துச்சே, கவனிச்சீங்களா? தலைமுடியா? முடி வெட்டி மூணு வாரம் ஆச்சு, உங்க கண்ணுக்கு இன்னிக்குத்தான் பட்டுச்சாக்கும்! இல்ல, கண்ணாடியும் பழசுதான். விடுங்க. எந்திரிச்சதுலேர்ந்து ஃபோன்ல வண்டிப் படத்தையே மொறைச்சுக்கிட்டு இருந்தா பக்கத்துல பூகம்பமே வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சரி, காட்டுங்க, எந்த வண்டி? இருங்க, ஓட்டிக்கிட்டே பாக்க முடியாது, வாயால சொல்லுங்க. அந்தச் செவப்பு வண்டியா! மறுபடியும் அதுவா? அது சின்னது, அரை டன்னு ரக வண்டி ஆர்விட். உங்க கேம்பரு, அந்தச் சக்கரம் வெச்ச வீடு, அது நீளம் என்ன, பாரம் என்ன? குருவி தலையில பனங்காய வெக்கிறேங்கறீங்க.

பதிமூணாயிரம் பவுண்ட் இழுக்கும்னு விளம்பரத்துல போட்டிருக்கானா? இழுக்கும். யாரு இல்லைன்னா? இழுக்கிறது பெரிய விஷயமில்லீங்க, சொமக்கணுமே! பின்னால வர்ற கேம்பர் சும்மா வருமா? மூக்கக் கொண்டாந்து உங்க கொக்கி மேல வெச்சு அழுத்திக்கிட்டுத்தான் வரும். அந்த மூக்குப் பாரம், அப்புறம் நீங்க, உங்க நாய், ஜெனரேட்டர், வெறகு, எல்லாத்தையும் வண்டி முதுகு தாங்கணும். எவ்வளவு தாங்கும்னு டிரைவர் கதவத் தொறந்தா ஓரத்துல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்ல போட்டிருப்பான். அதை ஒரு ஆம்பளையும் படிக்க மாட்டான். விளம்பரத்த மட்டும் வரி விடாம படிப்பான்.

எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் ஏமாந்தாரு. ராய் இருந்தப்போ மொதமொதல்ல வாங்கின வண்டி, பாக்க அவ்வளவு அழகு. கேம்பர மாட்டினோம். பின்பக்கம் உக்காந்துருச்சு, முன்பக்கம் தூக்கிக்கிச்சு. சாயங்காலம் விளக்கப் போட்டா வெளிச்சம் ரோட்டுல விழல, மரத்து உச்சியில விழுது. எதிர்ல வந்தவனெல்லாம் ஹாரன் அடிக்கிறான், ஜன்னல் வழியா கைய ஆட்டித் திட்டுறான். ராய் என்ன சொன்னாரு தெரியுமா? பாத்தியா நெல்டா, ஊரே நமக்கு டாட்டா காட்டுதுன்னாரு! மனுஷன் கடைசி வரைக்கும் அந்த வண்டியக் குறை சொல்ல விடல. மலை எறக்கத்துல கேம்பர் வாலாட்ட ஆரம்பிச்சப்பதான் அவருக்கே முகம் வெளுத்துப் போச்சு. ஊரு போய்ச் சேர்ந்ததும் மொத வேலையா அத வித்துட்டு இதை வாங்கினோம்.

ம்? இதையா? இல்லீங்க, இது விக்கிறதுக்கு இல்ல. எவ்வளவு குடுத்தாலும் இல்ல. தப்பா நெனைக்காதீங்க. நல்ல வண்டின்னு எனக்கே தெரியும். போன மாசம் உங்க கேம்பர் கழிவுத் தொட்டியக் காலி பண்ணணும்னு இதுல மாட்டித்தானே இழுத்துக்கிட்டுப் போனோம். திமிறுச்சா? வாலாட்டுச்சா? பெத்த தாய் பிள்ளையக் கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரிப் போச்சு. முக்கால் டன்னு. உங்க கேம்பருக்கு இதுதான் அளவு. ஆனா இது விக்கிறதுக்கு இல்ல.

அப்போ ஒரு டன்னு வாங்குவீங்களோ? பின்னால ரெண்டு ரெண்டு சக்கரமா நாலு இருக்கே, அதுவா? யாரு சொன்னா, கர்ட்டா? உங்க மகன் ஐடியா எல்லாமே பெருசாத்தான் இருக்கும். என் தங்கச்சி வான்டா அப்படி ஒண்ணு வாங்கினா. வண்டிய நிறுத்த எடம் கெடைக்காம மளிகைக் கடைய ரெண்டு சுத்து சுத்திட்டு வீட்டுக்கே திரும்பி வந்துடுவா. ஏறுறதுக்கு ஒரு முக்காலி வெச்சிருந்தா. ஏறி உக்காந்த பெறகு முக்காலி கீழ நிக்கும், அத எடுக்க யாராவது வரணும்! ஒரு நாள் ஒருத்தரும் வரல. முக்காலிய பெட்ரோல் பங்க்லயே விட்டுட்டு வந்தவ, வீட்டு வாசல்ல எறங்க முடியாம உக்காந்து எனக்கு ஃபோன் பண்றா. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணுங்க. காலி வண்டியில போனா அது எலும்ப வேற குலுக்கி எடுக்கும், உங்க முதுகுக்கு ஆகாது.

எனக்கு நல்லாத் தெரியும் ஆர்விட், நாலே நாள்தான் இருக்கு. வெயில் ஏறிருச்சு, குளிர்காலத்துக்கு நம்மள மாதிரி கேம்பரோட வந்து தங்கினவங்க எல்லாரும் கெளம்பியாச்சு, கேம்ப்ப மூடப் போறான். உங்க பழைய வண்டி கியர்பாக்ஸ் போய் பழைய இரும்புக்குப் போயிருச்சு. இன்னிக்கு ஒண்ணு அமையலைன்னா கர்ட் ப்ளேன் ஏறி வந்துடுவான். கேம்பர வர்ற வெலைக்குத் தள்ளிட்டு உங்களக் கொண்டுபோய் மினசோட்டாவுல அவன் வீட்டுத் தரைக்குக் கீழ இருக்கிற பேஸ்மென்ட்ல வெச்சிடுவான். ஜன்னல் இருக்குன்னு சொன்னீங்களே, ஆமா, அது வழியா என்ன தெரியும்? பனி. பனி உருகினா புல்லு. உங்கள அந்த மாதிரி எடத்துல என்னால நெனைச்சுப் பாக்க முடியல. அதனாலதான சொல்றேன், கணக்க ஒழுங்காப் போடுங்கன்னு.

போடுங்க, பாப்போம். உங்க எடை என்ன? இருநூறு பவுண்டா? எப்போ, கர்ட் கல்யாணத்தப்பவா? சரி சரி, இருநூத்து முப்பதுன்னே வெச்சுப்போம், நான் யார்கிட்டயும் சொல்லல. நாய் அறுபது. டம்ப்ளிங், கொழுக்கட்டைன்னு பேரு வெச்சீங்க, அது பேருக்கேத்த மாதிரி உருண்டுக்கிட்டே வருது. தண்ணித் தொட்டி? அது பின்னால கேம்பர்ல இருக்கு, ஆனா மூக்கு அழுத்துமில்ல. அப்புறம் கல்லு.

கல்லுதாங்க! தெரியாத மாதிரி என்ன பாக்குறீங்க? கேம்பர்ல குளிக்கிற தொட்டி நெறைய, பாலைவனத்துல பொறுக்கின கல்ல ரொப்பி வெச்சுக்கிட்டு மனுஷன் வாளியில மொண்டு வெளியில நின்னு குளிக்கிறாரு. இந்தக் குளிர்காலம் பூரா நான் பாத்த கண்கொள்ளாக் காட்சி அதுதான். ஊதாக் கல்லு, பச்சைக் கல்லு, ஒண்ணும் இல்லாத கல்லு. என்னது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கா? இருக்கட்டும், கதைக்கு எடை கிடையாது. கல்லுக்கு உண்டு. பாதிய எறக்கி வெச்சா என்ன? ஒண்ணு கூட முடியாதா? சரிங்க, சாமி. தொடல.

எல்லாம் கூட்டியாச்சா? ஒண்ண விட்டுட்டீங்க. இல்ல, கேஸ் சிலிண்டர் சேத்தாச்சு. நாய்த் தீனியும் இல்ல. யோசிங்க. பெரிய உருப்படி ஒண்ணு, கணக்குலயே வரல. நான் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருந்தவரு நீங்களே கண்டுபுடிங்க.

உங்க ஃபோன் அடிக்குது, கர்ட்தான். எடுங்க. நான் காது குடுக்கல.

வெச்சுட்டானா? பேஸ்மென்டுக்குப் பெயின்ட் அடிச்சாச்சாமே? காதுல விழுந்துச்சு, அவன் கத்தித்தான பேசறான். ஏன் ஆர்விட், யாரு கூடப் போறீங்கன்னு அவன் கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? பக்கத்து எடத்துக்காரம்மாவா? நல்லாருக்கு. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் காலையில உங்களுக்குக் காப்பி போட்டவ, உங்க பல்லு வலிக்கு பார்டர் தாண்டி மெக்சிகோ வரைக்கும் கூட்டிட்டுப் போனவ, பக்கத்து எடத்துக்காரம்மா. இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. பக்கத்து எடந்தான? பொய் ஒண்ணும் சொல்லலியே நீங்க.

ஆமா, நான் கரோலின் வீட்டுக்குத்தான் போறதா இருந்துச்சு. ஓரிகான்ல மழை. மக நல்லவதான். தையல் மெஷின் இருக்கிற ரூம ஒழிச்சு வெக்கிறேங்கறா, பகல்ல சோபா, ராத்திரியில கட்டில். உங்களுக்கு பேஸ்மென்ட், எனக்கு தையல் ரூமு. பிள்ளைங்க எல்லாம் நல்ல பிள்ளைங்கதான், அதான் பெரிய கஷ்டம். திட்டக்கூட முடியல.

உங்க வீட்டுக்காரம்மா மார்கிட் நெனைப்பு வந்துருச்சா? நீங்க அந்தப் பக்கமா ஜன்னல்ல பாத்தா எனக்குத் தெரியும். நெனைங்க, அதுல என்ன? நானும்தான் ராய நெனைச்சுக்கிட்டே இருக்கேன். இந்த வண்டிய ஓட்டுறப்ப எல்லாம் பிரேக்க மெதுவா மிதி நெல்டாங்கற குரல் கேக்கும். ஆனா மார்கிட் போன பெறகு நீங்க ஒரு ஆளுக்குத்தான் காப்பித்தூள் வாங்குறீங்க, ஒரு ஆளுக்குத்தான் முட்டை வாங்குறீங்க. எதுக்கும் ஒரு ஆளுக்கு மேல கணக்கு வர மாட்டேங்குது உங்களுக்கு. அத நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

ஏன் கைய நீட்டுறீங்க? ஆமா, வண்டிக் கடைதான். கண்ணு தெரியுது எனக்கு. செவப்பு வண்டியும் தெரியுது, வாசல்லயே கழுவித் தொடச்சு நிறுத்தியிருக்கான். ஆமா, தாண்டிட்டேன். மறந்து தாண்டல, வேணும்னேதான்.

சும்மா உக்காருங்க, சொல்றேன். காலையில என்ன மாறியிருக்குன்னு கேட்டேனே. என் கேம்பர் அங்க இல்ல ஆர்விட். நீங்க இஸ்திரிப் பொட்டியும் கையுமா ஃபோனப் பாத்துக்கிட்டு நின்ன எடத்துக்கு நேர் எதிர்ல வெறும் மண்ணுதான் இருந்துச்சு. நேத்து சாயங்காலம் நீங்க சீட்டாடப் போயிருந்தப்போ ஐடஹோவுலேர்ந்து ஒரு சின்ன வயசு ஜோடி வந்து மாட்டி இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. வித்துட்டேன். எங்க படுத்தேனா? இந்தப் பின் சீட்டுலதான். இடுப்பு இன்னும் நிமிரல.

கேட்டுட்டுத்தான் வித்திருக்கணும். தெரியும். கேட்டிருந்தா நீங்க அத ஒரு வாரம் கூட்டிக் கழிச்சுப் பாத்திருப்பீங்க, நம்மகிட்ட இருக்கிறது நாலு நாளு. உங்ககிட்ட கேம்பர் இருக்கு, இழுக்க வண்டி இல்ல. என்கிட்ட வண்டி இருக்கு, அதுக்குப் பின்னால இப்ப ஒண்ணும் இல்ல. நீங்க கணக்குல விட்டது தண்ணியும் இல்ல, கேஸும் இல்ல. என்னைத்தான் விட்டுட்டீங்க. நான் நூத்தி எழுபது. அப்புறம் என் இரும்புச் சட்டி, ராயோட டூல் பெட்டி. அதுங்கள விட்டுட்டு நான் வர மாட்டேன். எல்லாத்தையும் இந்த வண்டி மேல போட்டுப் பாத்தேன், அந்தக் கல்லு ஒண்ணுதான் இடிக்குது.

கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தேனே, எல்லாம் பயத்துலதான். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அடுத்த சிக்னல்ல திருப்பிடறேன். செவப்பு வண்டி எங்கயும் போயிடாது. ஏறி உக்காந்து பாருங்க, நான் வெளியில நாய வெச்சுக்கிட்டு நிக்கறேன். அதுக்கப்புறம் இதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லைன்னா நேராப் போனா பேரீச்சம்பழ மில்க்ஷேக் கடை வரும், அங்க உக்காந்து பேசலாம். ஏதாவது சொல்லுங்க ஆர்விட். சிக்னல் வந்துருச்சு.

என்ன சொன்னீங்க?

எல்லாத்தையுமா? தொட்டியில இருக்கிறது மொத்தத்தையும் இங்கயே எறக்கிடுவீங்களா? அந்த ஊதாக் கல்லையுமா? அதுக்குக் கதையெல்லாம் இருக்குன்னீங்களே.

வேணாங்க. இப்படிப் பேசினா எனக்கு ரோடு தெரியாமப் போயிடும். ஒரு வாளி எடுத்துக்கோங்க. அந்த ஊதாக் கல்லு மட்டும் ஒரு வாளி வரட்டும். அதுக்கேத்த மாதிரி நான் கொஞ்சம் இளைச்சுக்கறேன்.