மனைவியின் பண்ணையில் நான் செய்த சில்லறை வேலைகள்

முள்ளங்கிக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் செத்துப்போகாது, வளர்ச்சி ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன், டாக்டர். நிஜ முள்ளங்கியைச் சொல்லவில்லை. என் மனைவி விளையாடும் கேமில் வருகிற முள்ளங்கி.

இன்று நீங்கள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இதுவரை ஒவ்வொரு தடவையும் அவளோடு நானும் உள்ளே வந்தேன். நீங்கள் அவளைக் கேட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் நான்தான் பதில் சொன்னேன். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டீர்களே, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் அதைக் கவனித்தீர்கள். நானும் கவனித்தேன். எனக்கு அது இதமாக இருந்தது.

என் மகள் உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். அவள் சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவள். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பல்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவன். என்னைக் கேட்காமல் அங்கிருந்து ஒரு பெட்டி வெளியே போகாது. "சார் பார்த்துட்டாரா?" என்பதுதான் காலையிலிருந்து மாலைவரை அங்கே கேட்கிற ஒரே கேள்வி. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை, மருந்தாளுநர். அவள் பாட்டுக்குக் காலையில் கிளம்புவாள், மாலையில் திரும்புவாள். சமையலறை டப்பாக்களை நான் உயரவாரியாக அடுக்கி வைத்தேன். மறுநாள் அவை பழைய இடத்திலேயே இருந்தன. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு பேச்சு வார்த்தையாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் இருக்கும் என் மகள் அவளுக்கு அந்தக் கையடக்க கேம் மெஷினை வாங்கி அனுப்பினாள். "நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கீங்கம்மா. வந்ததும் காலை நீட்டி உக்காந்து விளையாடுங்க" என்றாள். மகளிடமும் ஒன்று இருந்தது. நெட் வழியாக அம்மா பண்ணைக்கு மகள் வரலாம், மகள் பண்ணைக்கு அம்மா போகலாம்.

பண்ணை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு கேணி, ஒரு குடிசை, கோழிகள், கொஞ்சம் பாத்தி. கடைத்தெருவில் ஒரு மீன்காரர் நின்று பேசுவார். காலையில் எழுந்து விதைக்கலாம், பறிக்கலாம், விற்கலாம். நாம் பட்டனால் நடத்துகிற ஒரு பொம்மை ஆள் உண்டு, அந்த ஆள் படுத்துத் தூங்கினால்தான் அன்றைய நாள் பதிவாகும். இவ்வளவுதான். ஆனால் என் மனைவி வேலையிலிருந்து வந்து உடை மாற்றி, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் உலகம் கிடையாது.

"நாளைக்கு கரண்ட் இருக்காதாம்" என்பேன்.

"ம்."

"தலை வலிக்குது."

"ம்."

"நான் வீட்டை விட்டுப் போறேன்."

"ம். குடை எடுத்துக்கோங்க."

பண்ணையில் ஒரு ஆடு இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் 'சார்'. தொழிற்சாலையில் என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் போனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார் இன்னைக்கும் கோவமா இருக்காருடி. தடவிக் கொடுக்கலைன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாரு. பாலும் தரமாட்டேங்கிறாரு."

"அப்படியே அப்பா" என்றாள் மகள்.

இருவரும் சிரித்தார்கள். அவளுக்காக டீ போட்டு எடுத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். ஒரு ஆட்டுக்காக மனம் புண்படுகிற ஆள் இல்லை நான். நானும் சிரித்தேன். மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும் சார்ஜரிலிருந்து அந்த மெஷினைக் கழற்றினேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஆள் சுவரில் முட்டிக்கொண்டே நடந்தான். கோழியைப் பிடிக்கப்போய் வேலியைப் பிடுங்கினான், அதை மறுபடி நட்டு வைக்க எனக்கு மதியம் ஆகிவிட்டது. கடைசியில் ஆட்டை விற்கும் வழியைக் கண்டுபிடித்தேன். விற்றுவிட்டு அவனைத் தூங்க வைத்தேன்.

மாலையில் அவள் மெஷினைத் திறந்தாள். "சார் எங்கே?"

"இங்கேதான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க இல்லை. ஆடு."

கொட்டகைக்குப் பின்னால் தேடினாள். கேணிப் பக்கம் தேடினாள். மகளைக் கூப்பிட்டாள். "பட்டனை மாத்தி அழுத்தி வித்திருப்பீங்கம்மா" என்றாள் மகள். என் மனைவி போனை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏங்க, நான் நேத்து அதை வித்தேனா? நீங்க பார்த்தீங்களா?"

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் என்னை ஒரு கேள்வி கேட்கிறாள், டாக்டர். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"ஆமா, வித்தே. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். ஞாபகமில்லையா உனக்கு?" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. எங்கள் தொழிலில் பல்பைப் போட்டு உடைத்துப் பார்ப்பதில்லை. விடாமல் எரியவிட்டு எப்போது மங்குகிறது என்று பார்ப்போம். அதுபோல அவளை அதிகமாகச் சோதிக்காமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்தேன். நாளைக்குப் பழுக்கவேண்டிய ஸ்ட்ராபெர்ரியை இன்றைக்குப் பிடுங்கினேன். பெட்டியில் இருந்த விதைகளை இடம் மாற்றினேன். மீன்காரருக்குப் பிறந்தநாள் வந்தது. அவள் ஆசையாக எடுத்து வைத்திருந்த தேனைக் கொடுக்காமல் ஒரு கருங்கல்லைக் கொடுத்தேன். 'உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கலை' என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலை அவள் அவரிடம் பேசப்போனபோது அவர் பதில் சொல்லவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பொம்மை மனிதனுக்காக. பக்கத்தில் நிஜ மனிதன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

நான் ஒவ்வொரு தடவையும் அந்த ஆளைத் தூங்க வைக்கவேண்டியிருந்ததால் பண்ணையின் தேதியும் ஒரு நாள் முன்னால் போய்விடும். அதை நான் முதலில் யோசிக்கவில்லை. ஆனால் அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. "மழைக்காலம் இன்னும் வரலையேங்க. நேத்துகூட வெயில்தானே?" என்பாள். "மழை வந்து ரெண்டு நாளாச்சும்மா" என்பேன்.

மெதுவாக அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார ஆரம்பித்தாள். மெஷினை என்னிடம் காட்டி, "இந்தப் பாத்தியில நான் என்னங்க நட்டேன்?" என்று கேட்பாள். நான் சொல்வேன். சரியாகத்தான் சொல்வேன், நட்டதே நான்தானே. தோளோடு தோள் உரச அப்படி உட்கார்ந்து நாங்கள் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை.

ஆனால் என் மனைவி லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. "கேம்தானே, அசதியில மறந்திருப்பேன்" என்று தேறிக்கொண்டாள். ஆகவே நான் பண்ணையை விட்டுக் கொஞ்சம் வெளியே வரவேண்டியதாயிற்று. அவளுடைய மூக்குக் கண்ணாடி ஃபிரிட்ஜில் இருந்தது. வீட்டுச் சாவி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அவள் அணைத்துவிட்டு வந்த அடுப்பை நான் மறுபடி பற்றவைத்து, "என்னம்மா இப்படி விட்டுட்டு வந்துட்டே?" என்று கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டுதான். பாதுகாப்பு விஷயத்தில் நான் விளையாடமாட்டேன்.

இப்போது மருந்துக்கடை. அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன் என்று நீங்கள் நினைக்கவேண்டாம், வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் அது இங்கேதான் வருகிறது.

மதியச் சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்திருந்தேன். கடை முதலாளிக்கு என்மேல் மரியாதை. "அண்ணனை மாதிரி யாரு பார்த்துப்பாங்க?" என்பார். உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார். உள் அலமாரியில் சர்க்கரை நோய் மாத்திரையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் ஒரே கம்பெனிப் பெட்டிகளில் அடுத்தடுத்து இருக்கும், நிறம்கூட ஒன்று. அவள் கடையின் முன்பக்கம் யாருக்கோ இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். அதிலொன்றும் சிரமமில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வேண்டுமென்றாள். என் மனைவி கை பழகிய இடத்திலிருந்து எடுத்து, கவரில் போட்டு, நீட்டியும்விட்டாள். அந்தப் பெண்ணின் கை கவரைத் தொட்ட பிறகு, "கொஞ்சம் இரும்மா" என்று திரும்ப வாங்கிப் பெயரைப் படித்தாள். படித்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. என் மனைவி எந்த மருந்தையும் பெயரைத் திரும்பப் பார்க்காமல் கையை விட்டு விடமாட்டாள். அவ்வளவு கவனமானவள். அந்த நம்பிக்கையில்தான் செய்தேன். கொஞ்சம் அசட்டையான பெண்ணாக இருந்திருந்தால் நான் அந்த அலமாரிப் பக்கமே போயிருக்கமாட்டேன்.

"அக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார் முதலாளி.

"ஆகியிருந்தா?" என்று கேட்டாள். அந்த வாரமே வேலையை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை.

பிறகு உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தேன். ஸ்கேன் எடுத்தீர்கள், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பதற்றத்தைப் பார்த்து, நான் சொன்னதையும் வைத்து, மாத்திரை எழுதினீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவளே ஒரு மாத்திரையைக் கையால் தொடப் பயந்தாள். மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிடுவாள். தனியாகக் கடைக்குப் போவதில்லை. போன் வந்தால் என்னைப் பார்ப்பாள், எடுக்கலாமா என்று.

இதற்கு மேல் நான் பண்ணைப் பக்கம் போயிருக்கவேண்டியதில்லை. அது என் பலவீனம், ஒப்புக்கொள்கிறேன். பழகிவிட்டது. ஒரு மதியம் அவள் தூங்கும்போது எடுத்து உட்கார்ந்தேன். கேணிக்கு அருகில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அவளும் மகளும் சேர்ந்து நட்டு வளர்த்தது. அதைக் கோடாரியால் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வேலியோரம் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் நிற்கிறாள். என் மகள். அம்மா பண்ணையில் இருப்பதாக அவள் மெஷின் காட்டியிருக்கிறது, பார்க்க வந்துவிட்டாள்.

'அம்மா, ஏன் வெட்டுறீங்க?' என்று அவள் தலைக்கு மேலே எழுத்து வந்தது.

எனக்கு அதில் பதில் எழுதத் தெரியாது. உள்ளறையில் என் மனைவியின் போன் அடித்தது. அவள் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "படுத்திருந்தேன்டி, சொல்லு" என்பது எனக்குக் கேட்டது. அந்தத் தொப்பிக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி எழுத்து வந்தது. 'அம்மா என்கூடப் பேசிட்டிருக்காங்க. அப்போ நீங்க யாரு?'

கோடாரியைக் கீழே வைக்க எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் மறுநாளே வந்துவிட்டாள். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். அவள்தான் கத்தினாள். என் மனைவி கத்தவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள், சரக்குச் சரிபார்ப்பது போல.

"ஆடு?"

"நான்தான்."

"அடுப்பு?"

"நான்தான். பக்கத்துலயே நின்னேன்."

"கடையில?"

சோபா உறையின் சுருக்கத்தை நீவிவிட்டேன். "அதுவும்தான்" என்றேன்.

அவள் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்போ எனக்கு ஒண்ணுமில்லை" என்றாள். மகளைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள், "எனக்கு ஒண்ணுமே இல்லைடி." சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிய வழிய, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததேயில்லை. யோசித்துப் பாருங்கள் டாக்டர், அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு வேறு யார் கொடுத்திருக்க முடியும்? ஆனால் அதை அங்கே சொல்ல எனக்கு வாய்ப்புத் தரவில்லை.

சாயங்காலம் என் மனைவி பெட்டியோடு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அந்தப் பொண்ணு இடுப்புல குழந்தை இருந்துச்சு" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். மகள் கதவைச் சாத்திவிட்டாள்.

போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. மகள்தான் எடுக்கிறாள். நேற்றுகூடச் சொன்னாள்: "செத்தாலும் அம்மா இதை மறக்கமாட்டாங்கப்பா. இனிமே கூப்பிடாதீங்க."

நான் அவளோடு வாதாடவில்லை. சின்னப் பெண், அவளுக்கென்ன தெரியும். என் மனைவியை எனக்குத் தெரியும். சோபாவைத் தட்டி வைத்திருக்கிறேன், மாத்திரையும் தீர்ந்துபோகாமல் வாங்கி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்துவிடுவாள். நீங்களே பார்த்திருக்கிறீர்களே, டாக்டர். அவளுக்குத்தான் ஞாபகமே நிற்பதில்லையே.