எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளை வண்டிகள் குறித்து

2022 மே 16, திங்கட்கிழமை, மாலை 5.10. மருந்துக் கடை வாசலில் நின்ற வண்டிகள் ஆறு. ஆறும் ஒரே வகை, ஆறும் வெள்ளை, ஆறிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் பூட்டப்படவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளவும். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

என் பெயர் மிஷால், தந்தை பெயர் ஸுவைலிம். வயது 29. குவைத், ஜஹ்ராவில் நான்காம் பிளாக்கில் குடியிருக்கிறேன். விமான நிலையத்தில் பார்வைத் தூரம் அளக்கும் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளராக வேலை செய்கிறேன். இதைக் கேட்டுச் சிரித்த உங்கள் காவலரின் பெயரை நான் குறிப்பிடவில்லை.

மேற்படி நாளில் அஸ்ரார் என்ற பெண்ணை எனக்குக் கேட்பதற்காக அவள் தந்தை அபு நவ்வாஃபின் வீட்டுக்கு நானும் என் தந்தையும் புறப்பட்டோம். இது மூன்றாவது முறை. முதல் முறை என் தந்தைக்கும் அவருக்கும் கால்பந்தில் சண்டை. இரண்டாம் முறை, பாலைவனத்தில் போடும் குளிர்காலக் கூடாரத்தில் யாருடைய ஜெனரேட்டர் யார் தூக்கத்தைக் கெடுத்தது என்பதில் சண்டை. "மூணாவது தடவையும் இப்படின்னா நாலாவது கெடையாது" என்று அபு நவ்வாஃப் சொல்லி அனுப்பியிருந்தார். அஸ்ராரின் சம்மதம் போன வருடமே கிடைத்துவிட்டது. இரண்டு பெரியவர்கள் அரை மணி நேரம் சண்டையில்லாமல் உட்காருவதுதான் பாக்கி.

ஆகவே புறப்படும்போது, "யப்பா, பொண்ணக் கேளுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்றேன். "சரிப்பா. இனி நான் வாயே தொறக்கல" என்று சொன்ன அவர், முன் இருக்கையை விட்டுவிட்டு, டாக்சியில் போகிறவர் போலப் பின்னால் உட்கார்ந்து, தலைத்துணியை முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டார். என் சித்தப்பாக்கள் இருவரும் புழுதியைக் காரணம் சொல்லி வரவில்லை.

புழுதி உண்மைதான். அன்று மதியமே விமானங்களை நிறுத்திவிட்டார்கள். என் கருவி நூறு மீட்டர் என்று காட்டியது. பிழை என்று நினைத்து இரண்டு முறை துடைத்தேன். பிழை இல்லை. நாங்கள் கிளம்பியபோது வானம் முழுக்க ஆரஞ்சு நிறம், தெருவிளக்கெல்லாம் எரிந்தது, சிக்னலுக்கு நேர் கீழே போனால்தான் சிவப்பா பச்சையா என்று தெரிந்தது. கண்ணாடியை ஏற்றியும் பல்லில் மண் நறநறத்தது. தந்தை இருமினார். பேசவில்லை.

அதன் பிறகு முகக்கவசம் வாங்க மருந்துக் கடையில் நிறுத்தினேன். மே மாதச் சூட்டில் ஏ.சி. நிற்கக் கூடாதென்று, ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியை யாரும் அணைப்பதில்லை, நானும் அணைக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து, கையால் தடவி என் வண்டியைக் கண்டுபிடித்து ஏறினேன். பின் இருக்கையில் முகம் சுற்றிய பெரியவர் இருந்தார். ஓட்டுநர் இருக்கை முன்னால் தள்ளியிருந்தது, பின்னுக்கு இழுத்தேன். சாவி வண்டிக்குள் இல்லை என்று திரை எச்சரித்தது. தூசியால் சென்சார் பிழை என்று முடிவு செய்தேன். சென்சார்தான் என் துறை.

பிறகு இருபது நிமிடம் ஓட்டினேன். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அபு நவ்வாஃப் வீட்டுக் கூடத்தில் அவர் தம்பிகளும் மருமக்களுமாகச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரை நடுவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் முகத்துணியை எடுத்தார். அவர் என் தந்தை இல்லை. வெண்தாடியுள்ள, நான் பார்த்தே இராத ஒருவர். பெயர் துவைஜ் என்பது பிற்பாடு தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கூடத்தைப் பார்த்தார், என் புதுத் துணியைப் பார்த்தார், காபிக் கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

"வீட்டுக்காரரே, நான் வந்த காரியம் நடக்கற வரைக்கும் இந்தக் காபி கீழதான் இருக்கும். இந்தப் பையனுக்கு உங்க பொண்ணக் கேக்கறேன். பேரு ஞாபகம் வரல, வயசாயிடுச்சு. ஆனா இந்தப் புழுதியில வந்திருக்கான் பாருங்க. இவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"குடிங்க பெரியவரே. கேட்டது குடுத்தாச்சு" என்றார் அபு நவ்வாஃப். பெரியவருக்குக் கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக் கையில் கொடுத்ததும் குடித்தார். அபு நவ்வாஃப் என் பக்கம் சாய்ந்து, "ஒங்கப்பன விட்டுட்டு இவரக் கூட்டிட்டு வந்த பாரு, இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளேயிருந்து அஸ்ரார் என் போனுக்கு எழுதினாள்: "யாரு இந்தத் தாத்தா? விட்டுடாத."

அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. துவைஜின் மகன் ஜர்ராஹ், வண்டியைத் திருடி அவர் தந்தையையும் கடத்தினேன் என்று புகார் கொடுத்திருந்தார். அதே மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்த ஜர்ராஹ், என் வண்டியில் ஏறி, என் தந்தையைத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போயிருக்கிறார். "எறங்குங்க யப்பா" என்று அவர் கதவைத் திறந்த பிறகுதான் இருவரும் முகம் பார்த்தார்கள். அதுவரை என் தந்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார், வாழ்க்கையில் முதல் முறையாக. நான் செய்தது திருட்டு என்றால் ஜர்ராஹ் செய்ததும் திருட்டுதான். இரண்டையும் எழுதுங்கள், அல்லது இரண்டையும் விடுங்கள்.

துவைஜ் புழுதிக்குப் பயந்து செவிக்கருவிகளைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். அழைப்பு வந்ததும் அந்தக் கூடத்திலேயே அவற்றை மாட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எம் பையன் எங்க போறோம்னு எங்கிட்ட சொல்றதே இல்ல. கேக்காதுன்னு விட்டுடுவான். நம்ம சொந்தத்துல யாரோ பையன்னு நெனச்சேன்" என்றார். அபு நவ்வாஃபிடமும் அப்போதே சொன்னேன். அவர் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, "குடிச்ச காபியத் திருப்பி வாங்க முடியுமா? குடுத்த வார்த்தையும் அப்படித்தான்" என்றார்.

மேலே உள்ளது நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இனி நான் செய்யப் போவதையும் சேர்த்துக்கொள்ளவும்:

1. ஜர்ராஹின் வண்டியைக் கழுவி, இருக்கையை முன்னால் தள்ளி, ஒப்படைப்பேன்.

2. துவைஜின் செவிக்கருவிகளில் ஏறிய மண்ணை நானே சுத்தம் செய்து தருவேன்.

3. என் வண்டிக் கைப்பிடியில் பச்சைத் துணி கட்டுவேன். கடை வாசலில் எஞ்சினை அணைப்பேன் என்று எழுதச் சொன்னார்கள். மே மாதத்தில் அதற்கு உறுதி தர முடியாது.

4. நிச்சயத்துக்குத் துவைஜை நேரில் போய் அழைப்பேன். எங்கே போகிறோம் என்று உரக்கச் சொல்லி அழைப்பேன்.

5. பெண் கேட்டு முடிந்துவிட்டது என்பது என் தந்தைக்கு இன்னும் தெரியாது. ஜர்ராஹோடு இங்கே வந்த அவர், பக்கத்து அறையில் உங்கள் காவலரை அபு நவ்வாஃபாக உட்கார வைத்துப் பெண் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். இப்போது ஜெனரேட்டர் விஷயத்துக்கு வந்துவிட்டார். திருமணப் பத்திரத்தில் கையெழுத்தான பிறகு அவரிடம் சொல்வேன்.

(ஒப்பம்) மிஷால் ஸுவைலிம்